பதினோரு காசு

குளிர்பெட்டிக் கதவில், டுரியான் வடிவக் காந்தத்தின் கீழ்
சிவபாதம் எழுதி ஒட்டியிருந்தார்:
"மிஸ் ஷெர்லின், நடைவழி விளக்கு ராப்பகலாய் எரிகிறது.
கரண்ட் பில் ஏறுகிறது."

புக்கிட் பாஞ்சாங், ஒன்பதாம் மாடி.
கழிவறைக்குத் திரும்பும் மூலையில்
பிளக்கில் செருகிய எல்இடி.
கட்டைவிரல் நகத்தளவு வெளிச்சம்.
இரண்டு வெள்ளிக் கடையில் நான் வாங்கியது,
பின் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு ராத்திரி
அவருடைய செருப்பு அலமாரியில் என் சுண்டுவிரல்
மோதிய மறுநாள்.

நான் வார்டில் சொட்டு எண்ணுகிறவள்.
நிமிடத்துக்கு இத்தனை, மணிக்கு இத்தனை மில்லி.
கணக்குக்கு அஞ்சமாட்டேன்.
பில்லின் முதுகில் போட்டேன்:

அரை வாட்.
இருபத்துநாலு மணி, முப்பது நாள்.
ஒரு யூனிட்டில் மூன்றில் ஒன்றும் கொஞ்சமும்.
யூனிட் முப்பது காசு என்று வைத்தால்
மாதம் பதினோரு காசு.

கோடு இழுத்த பிறகும் கை நிற்கவில்லை:
"உங்கள் வெந்நீர்க் குளியல் ஒன்று, பத்து நிமிடம்,
பதினாறரைக் காசு."
சாமி மாடத்தில் ஆடுவதுபோல் நடிக்கும்
சிவப்புச் சுடர் பல்பையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.
நாற்பத்து மூன்று.
அதை எழுதவில்லை. நான் வேறு சபை.

மாதக் கடைசியில் வாடகையோடு
செருப்பு அலமாரிமேல் ஒரு பத்துக் காசு வைத்தேன்.
பதினோராவது காசுக்கு இந்த ஊரில் எங்கே போவது?
ஒற்றைக் காசைக் கைநீட்டி வாங்குகிற கடையை
வந்த நாள்முதல் நான் பார்த்ததில்லை.
ஐந்து மாதம் கடன் சொல்லி
ஐந்து காசாய்த் தருகிறேன் என்று சீட்டும் வைத்தேன்.

வாடகையை எடுத்துக்கொண்டார்.
பத்துக் காசு அங்கேயே கிடந்தது.
மறுநாளும். அடுத்த வாரமும்.
எடுத்தால் அவர் கஞ்சன்,
திரும்ப எடுத்தால் நான் கடன்காரி.
நடுவில் வட்டமாய், நிக்கல் நிறத்தில்
ஒரு பிடிவாதம்.

ஒரு சனிக்கிழமை தேக்காவிலிருந்து பையோடு வந்தார்.
ஆள் நடந்தால் மட்டும் எரியும் விளக்கு.
விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை: ஆறு வெள்ளி தொண்ணூறு.
என் பழைய விளக்கைப் பிடுங்கி, தூசி துடைத்து
என் கதவோரம் வைத்திருந்தார்.

மறுபடி பில். மறுபடி முதுகு.
மாதம் பத்துக் காசு மிச்சம் என்றால்
போட்ட முதல் திரும்ப அறுபத்தொன்பது மாதம்.
என் வாடகை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.
தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறது.
நள்ளிரவில் நான் கதவைத் திறந்தால் எழுந்து நிற்கிறது,
மூலை திரும்பும்வரை பார்த்துவிட்டு
உட்கார்ந்துகொள்கிறது.

லீவு போட்டுப் படுத்திருந்த இரண்டு ராத்திரியில்தான்
மற்றதெல்லாம் தெரிந்தது.
கதவடியில் மஞ்சளாய் ஒரு கோடு.
பன்னிரண்டரைக்கு வந்தது, போனது.
இரண்டுக்கு.
மூன்றேகாலுக்கு.
சுவரைத் தடவும் கை, குழாய்ச் சத்தம்,
குளிர்பெட்டி திறந்து நின்றவாக்கில்
தண்ணீர், தண்ணீர், இன்னும் தண்ணீர்.
நாலரைக்கு மறுபடி கோடு.

எரிந்துகொண்டே இருந்த விளக்கு
இதைச் சொன்னதே இல்லை.

பில்லின் முதுகில் மிச்சமிருந்த மூலையில்
இந்த முறை காசு போடாமல் எழுதினேன்:
"நேற்று நாலு தடவை. முந்தாநாளும் நாலு.
பலதுறை மருந்தகத்தில் சர்க்கரை பாருங்கள்.
வியாழன் எனக்கு ஓய்வு. கூட வருகிறேன்."
டுரியானுக்குக் கீழே செருகிவிட்டு
வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது விளக்கு எழுந்து நின்றது.
குளிர்பெட்டியில் சீட்டு இல்லை.
அலமாரிமேல்
பத்துக் காசும் இல்லை.